ஊறுகாய் ஜாடியும் ஷாம்பு போத்தலும்

மார்சிலிங்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி கைக்கெட்டும் தூரம். காலையில் பாலத்தைக் கடந்து ஜோகூர் பாரு போனால், கூட்டம் இல்லாத நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அப்படித் திரும்புகிறவர்களின் பைகளைக் கவனித்திருக்கிறீர்களா? சலவைத் திரவம், பிஸ்கட், குழந்தைக்கு டயாபர், அப்புறம் கட்டாயம் ஷாம்பு. ஒரு லிட்டர் போத்தல். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூன்று லிட்டர் ஷாம்பு எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசிப் போத்தலின் மூடியைத் திறக்கும்போது வாங்கியதே மறந்துபோயிருக்கும். ஆனாலும் அது முதல் நாள் மாதிரியே மணக்கும், நுரைக்கும். வெளியில் வைத்த சாம்பார் ஒரே இரவில் ஊசிப்போகிறது. தேங்காய்ச் சட்னி மாலைக்குள் நூல் விடுகிறது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும், ஜன்னல் சிறுத்த குளியலறையில் மாதக்கணக்கில் நிற்கும் ஷாம்பு மட்டும் ஏன் கெடுவதில்லை?

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வானொலியில் அழகுக் குறிப்பு, தலைமுடி பற்றி எப்போது பேசினாலும் நேயர்கள் அனுப்பும் கேள்வி வேறு: “பாராபென் இல்லாத ஷாம்பு எது?” “கெமிக்கல் கலக்காத ஷாம்பு எங்கே கிடைக்கும்?”

இரண்டும் ஒரே கேள்விதான். கெடாமல் வைத்திருப்பது எதுவோ, அதைத்தான் நாம் வேண்டாம் என்கிறோம்.

தண்ணீர் இருக்கும் இடத்தில்

ஷாம்பு போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள்களின் பட்டியலில் முதலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். வழக்கமான ஷாம்பில் நான்கில் மூன்று பங்கு அதுதான். மிச்சத்தில் நுரை தரும் பொருள், உப்பு, வாசனை, நிறம். ‘மூலிகை’ என்றால் செம்பருத்தி, நெல்லி என்று சாறுகளும் சேரும். மனிதத் தலைக்கு இதமான இந்தக் கலவை கிருமிகளுக்கும் இதம்தான்.

“நுரைக்கிற பொருள்தானே, அதில் கிருமி எப்படி வாழும்?” என்று தோன்றலாம். நுரை அழுக்கையும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். போத்தலுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்வது அதன் வேலை அல்ல. குழாய் முனை, ஷவர் தலை, கழுவுதொட்டியின் ஓட்டை என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது. நாம் ‘சோப்புத் தண்ணீர்’ என்று நம்பும் இடத்திலும் அது குடித்தனம் நடத்தும்.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கோல்கேட்-பால்மாலிவ் நிறுவனம் தரை துடைக்கும் ‘ஃபேபுலோசோ’ திரவத்தில் சுமார் 4.9 மில்லியன் போத்தல்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் சூடோமோனாஸ் இருக்கும் அபாயம். காரணம் என்ன தெரியுமா? தயாரிப்பின்போது கெடாமல் காக்கும் பொருள், அதாவது பிரிசர்வேட்டிவ், சேர்க்க வேண்டிய அளவில் சேரவில்லை. மணமும் நிறமும் கொண்ட சுத்தம் செய்யும் திரவமே, அந்தத் துளி குறைந்ததும் கிருமி வளரும் இடமாகிவிட்டது.

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மயிர்க்கால்களில் கொப்புளம், காதில் சீழ் என்று சில நேரம் தொல்லை தரும். கண்ணில் கீறல் இருந்தால் அபாயம் கூடும். பிறந்த குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உயிருக்கே உலையாகலாம்.

பாட்டி வைத்திருந்த டப்பா

“எங்கள் பாட்டி காலத்தில் இதெல்லாம் ஏது?” என்பீர்கள். சரியான கேள்வி. பாட்டியின் டப்பாவில் இருந்தது என்ன? சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், பச்சைப்பயறு. வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மில்லில் அரைத்து, ஆறவிட்டு, ஈரம் படாத டப்பாவில் மூடிவைத்த பொடி. எண்ணெய்க் குளியல் அன்று தேவையானதை மட்டும் எடுத்து, வடிகஞ்சியிலோ வெந்நீரிலோ கரைத்து, அப்போதே தேய்த்து அலசிவிடுவார்கள். மிஞ்சினால் கொட்டிவிடுவார்கள்.

பாட்டியும் பொருளைக் கெடாமல்தான் காத்தார். அவருடைய பிரிசர்வேட்டிவ் வெயில். ஈரத்தை எடுத்துவிட்டால் கிருமி பெருக வழியில்லை. ஊறுகாயில் உப்பும் எண்ணெயும், கருவாட்டில் உப்பும் வெயிலும், கருப்பட்டியில் சர்க்கரையும் செய்வது அதே வேலை. கூடவே ஒரு கட்டளையும் இருந்தது: ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே!

பொடியைத் திரவமாக்கிப் போத்தலில் அடைத்த நாளிலிருந்து அந்தக் கட்டளையைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. ஷாம்பு என்பதே ஈரக் கரண்டி நிரந்தரமாகக் கிடக்கும் ஜாடி.

கடலூர் காட்டிய வழி

இந்தச் சிக்கலை ஓரளவு சுற்றிப்போன ஒரு வழி நம் தமிழ்நாட்டில் பிரபலமானது. 1970களில் ஷாம்பு என்பது வசதியானவர் வீட்டுப் போத்தல். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்று எண்ணியவர். சிறிய பாக்கெட்டுகளில் பொருள்களை அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி. அவருக்குப் பின் பிள்ளைகள் ‘வெல்வெட்’ ஷாம்பு பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தனியே பிரிந்து, தந்தையின் பெயரைச் சுருக்கி ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பிறகு கெவின்கேர் ஆனது.

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டை விலைக்காகத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. ஒரு முறை கிழித்தால் ஒரே குளியல். ஈரக் கை உள்ளே போகாது, ஷவர் தண்ணீர் சொட்டாது, மாதக்கணக்கில் திறந்து மூட வேண்டியதில்லை. பாட்டி செய்த ‘அன்றைக்கு அன்றைக்கு’ கணக்கை அது திரவத்துக்கும் கொண்டுவந்தது. பாதியைப் பயன்படுத்திவிட்டு மீதியை மடித்துக் கண்ணாடி ஓரத்தில் சொருகிவைத்த விடுதி நாள்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்!

ஆனால், பாக்கெட்டுக்குள் இருப்பதும் தண்ணீர்தான். தொழிற்சாலைக் குழாயிலிருந்து, இயந்திரத்திலிருந்து ஒரு சில கிருமிகள் உள்ளே போயிருந்தாலும், கடலூர்க் கடையின் வெயிலில் தொங்கும் சில மாதங்களில் அவை பெருகிவிடும். எனவே, அதற்கும் பிரிசர்வேட்டிவ் தேவை. பாக்கெட் பிளாஸ்டிக் வடிகாலை அடைப்பது தனிக் கதை.

ஒரு துளி என்ன செய்கிறது?

ஷாம்பில் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் எல்லாம் ஒரே ரகம் இல்லை. அடிக்கடி காணும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சோடியம் பென்சோயேட். ஜூஸ், சாஸ் போத்தல்களிலும் இதே பெயர் இருக்கும். புளிப்பு இருந்தால்தான் இது வேலை செய்யும். பிஎச் அளவு 5 என்றால் இதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, கிருமியின் உடலுக்குள் நுழையும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 7 ஆனால் அது ஆயிரத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் பல ஷாம்புகளில் கூடவே சிட்ரிக் அமிலத்தையும் பார்க்கிறீர்கள். எலுமிச்சையில் இருப்பது அதுவே.

இரண்டாவது, ஃபீனாக்ஸிஎத்தனால். ஆசியான் விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. 400 கிராம் போத்தலில் அதிகபட்சம் 4 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

மூன்றாவது, பெயரே வாயில் நுழையாத மெத்தில்ஐசோதயசோலினோன். சுருக்கமாக எம்ஐ. இதையும் இதன் உடன்பிறப்பான எம்சிஐயையும் சேர்த்த கலவைக்கு அனுமதி 0.0015 விழுக்காடு. அதே 400 கிராம் போத்தலில் வெறும் 6 மில்லிகிராம். அவ்வளவு சக்தி.

கூடவே ஈடிடிஏ என்று ஒன்று இருக்கும். அது நேரடியாகக் கொல்வதில்லை. சூடோமோனாஸ் போன்றவற்றின் வெளிச்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உருவிவிடும். சுவர் தளர்ந்ததும் மற்றவை உள்ளே புகுந்துவிடும்.

இவை போதுமா என்று எப்படித் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே ஷாம்பில் கிருமியைக் கலப்பார்கள். மூன்று பாக்டீரியா, இரண்டு பூஞ்சை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. பாக்டீரியா என்றால் கிராமுக்கு லட்சக்கணக்கில். பிறகு 28 நாள் எண்ணிக்கொண்டே வருவார்கள். அனைத்துலகத் தரத்தின் கடுமையான அளவுகோல்படி, ஏழே நாளில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏறக் கூடாது. நம் குளியலறையில் ஆறு மாதம் நடக்கப்போவதன் ஒத்திகை இது.

ஒரு பயம் போய் இன்னொன்று

இப்போது பாராபெனுக்கு வருவோம். 2004-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, 20 மார்பகக் கட்டிகளின் மாதிரிகளில் பாராபென் இருந்ததைக் கண்டது. அதுதான் நோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆரோக்கியமான திசுவுடன் ஒப்பிடவும் இல்லை. ஆனால், செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. ‘பாராபென் இல்லை’ என்ற வாசகம் போத்தலின் முன்பக்கம் ஏறியது. இன்றும் இறங்கவில்லை.

அதிகாரிகள் சும்மா இருந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் போதிய பாதுகாப்புத் தகவல் இல்லாத ஐந்து வகைப் பாராபென்களை 2014-ல் தடை செய்தது. இன்னும் சிலவற்றின் அளவைக் குறைத்தது. நீண்ட காலமாகப் புழங்கும் மெத்தில்பாராபெனை 0.4 விழுக்காடு வரை தொடர்ந்து அனுமதித்தது.

பாராபெனை எடுத்த இடம் காலியாக இருக்க முடியாதே? பல நிறுவனங்கள் வேறு பொருள்களுக்கு மாறின. அவற்றில் ஒன்று எம்ஐ. 2005 முதல் ஐரோப்பாவில் இதைத் தனியாகச் சேர்க்க அனுமதி இருந்தது. ஷாம்பு, கிரீம், ஈரத் துடைப்பான் என்று எங்கும் நுழைந்தது. சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களின் வாசலில் வரிசை நீண்டது: அரிப்பு, சிவப்பு, வெடிப்பு. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் எம்ஐயை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. 2017-ல் ஐரோப்பா, தோலில் பூசி அப்படியே விடும் பொருள்களில் அதைத் தடுத்தது. கழுவிவிடும் பொருள்களுக்கும் அளவைக் கடுமையாகக் குறைத்தது. அதே சங்கம் 2019-ல் பாராபெனுக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? ‘ஆண்டின் ஒவ்வாமை தராத பொருள்’!

பாராபெனுக்கு விளம்பரம் செய்ய இதைச் சொல்லவில்லை. ‘இல்லை’ என்று போத்தலில் பெரிதாக எழுதியிருந்தால், ‘அதற்குப் பதில் என்ன இருக்கிறது’ என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பக்கத்து புளோக் அக்கா

எங்கள் பக்கத்து புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். கைப்பக்குவம் உள்ளவர். சீயக்காய், பூந்திக்கொட்டை, செம்பருத்தி இலை, வெந்தயம் எல்லாவற்றையும் கொதிக்கவைத்து வடிகட்டிப் போத்தலில் ஊற்றி, தெரிந்தவர்களுக்கு 12 வெள்ளிக்குக் கொடுத்துவந்தார். ‘சுத்தமான இயற்கை, கெமிக்கல் இல்லை’ என்று கையெழுத்தில் லேபிள். தீபாவளிக்கு முன் வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவியும்.

ஒரு நாள் எனக்கும் ஒரு போத்தல் தந்தபடி சொன்னார்: “எங்க சித்தி மகளுக்கும் ரெண்டு எடுத்து வச்சிருக்கேம்மா. கீமோ முடிச்சு இப்பதான் முடி முளைக்குது. கடை ஷாம்பு எதுக்குன்னு, நானே காசு வாங்காம கொடுக்குறேன்.”

எனக்குச் சட்டென்று உறைத்தது. “அக்கா, இதுல பிரிசர்வேட்டிவ் என்ன போடுறீங்க?”

“அதைப் போடாததுதானேம்மா இதோட பெருமையே!”

“ரசம் வச்சா எத்தனை நாள் வெளியில வைப்பீங்க?”

“ஒரு நாள்.”

“இதுவும் இலையையும் காயையும் கொதிக்கவச்ச ரசம்தானே அக்கா?”

அக்கா முகம் சுண்டிப்போனது. “என்னம்மா, ரேடியோவுல பேசுற மாதிரியே பேசுற” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அலமாரியில் இருந்த ஒரு பழைய போத்தலைத் திறந்து மோந்து பார்த்தாராம். “புளிச்ச வாடைம்மா” என்றார், மெதுவாக. சித்தி மகளுக்கு எடுத்துவைத்த போத்தல்கள் போகவில்லை. அந்தப் பெண் எதைப் பயன்படுத்தலாம் என்று மருத்துவமனைத் தாதியிடம் கேட்டுக்கொண்டார்.

அன்பு குறைந்த இடம் எதுவும் இந்தக் கதையில் இல்லை. பாட்டியின் பொருளை எடுத்துக்கொண்டு பாட்டியின் முறையை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். அக்கா இப்போது பொடியாகத்தான் தருகிறார். போத்தல் கேட்டவர்களில் பாதிப் பேர் பொடி வாங்க வரவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்படி வீட்டில் செய்து விற்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. சிங்கப்பூரில் ஷாம்பு உள்ளிட்ட அழகுப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். 2008 முதல் இங்கு ஆசியான் பொது விதிகள் நடப்பில் உள்ளன. மலேசியாவும் அவற்றையே பின்பற்றுகிறது. எந்தப் பிரிசர்வேட்டிவ், எவ்வளவு வரை, கிராமுக்கு எத்தனை கிருமி வரை என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. ஆணையம் ஒவ்வொரு போத்தலையும் முன்கூட்டியே சோதித்து முத்திரை குத்துவதில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு.

நம் வீட்டுக் குளியலறையில்

தொழிற்சாலை எவ்வளவு கவனமாகச் செய்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு ஜாடி நம் கையில்.

தீரப்போகும் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது நம் எல்லார் வீட்டு வழக்கம். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் பிரிசர்வேட்டிவும் பாதியாகிவிடும், புளிப்பும் மாறலாம். கூடவே குழாய் முனையின் கிருமிகளும் உள்ளே போகும். அன்றைக்கே தீர்த்துவிட்டால் பரவாயில்லை. வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். போத்தலைத் தலைகீழாக நிறுத்திவைத்தால் கடைசிச் சொட்டும் தானாக இறங்கும்.

ஜோகூரிலிருந்து வாங்கிவரும் நிரப்புப் பொட்டலத்தைப் பாதிப் போத்தலில் ஊற்றாதீர்கள். பழையது தீரட்டும். போத்தலையும் மூடியையும் கழுவி, உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

ஷவர் தண்ணீர் நேராக விழும் இடத்தில் திறந்த மூடியோடு வைக்க வேண்டாம். போத்தலின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் ‘12எம்’ என்று இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் என்று பொருள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள்.

வாடை மாறினால், நிறம் மாறினால், வழக்கத்துக்கு மாறாக நீர்த்துப்போனால் யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள். வாடை மாறவில்லை என்பதாலேயே நல்லது என்றும் நம்பிவிடாதீர்கள்.

தலையிலோ கழுத்திலோ அரிப்பு தொடர்ந்தால் ஷாம்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. போத்தலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. தேசியத் தோல் நிலையத்தில் செய்கிறார்கள். ஒரு பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் தவிர்க்கலாம், நூறு பெயருக்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டுச் சீயக்காய்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பொடியாக வையுங்கள், குளிக்கும்போது கரையுங்கள், மிஞ்சியதைக் கொட்டுங்கள். வீட்டில் சிகிச்சையில் இருப்பவரோ பச்சிளம் குழந்தையோ இருந்தால் மட்டும், எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை பேரங்காடியில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று வரிசையாக எழுதிய போத்தலை எடுக்கும்போது, தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதற்குக் காவல் யார் என்று தேடுங்கள். காவலுக்கு யாரும் இல்லை என்றால், அந்தப் போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.